கிளிகளுக்குச் செய்த பெட்டி

ஊரில் அவரைத் தச்சர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. "வழுவழு" என்றால்தான் தெரியும். அவர் இழைத்த பலகையில் ஈ உட்கார்ந்தால் சறுக்கி விழும் என்று கேலி. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் செய்த தொட்டிலில் தூங்கி எழுந்தவர்கள்.

அந்தக் கோடையில் மலைக்காடு பற்றி எரிந்தது. பொந்து விழுந்த கிழட்டு மரங்கள்தான் முதலில் போயின. தப்பித்த கிளிகள் முட்டையிட இடமில்லாமல் மின்கம்பியில் உட்கார்ந்து கத்தின. வனக்காவலர் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணே, பொந்து மாதிரி பெட்டி செஞ்சு குடுங்க. கருகாத மரமாப் பாத்துக் கட்டலாம்."

தச்சர் மற்ற வேலைகளை மூட்டை கட்டி வைத்தார். பெட்டிகளின் உட்புறத்தை இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கினார்.

"ஏங்க, நம்ம வீட்டுக் கதவு மூடவே மாட்டேங்குது. கிளிக்கு அரண்மனையா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. பச்சப்பிள்ளைங்க உடம்புல மரச்சிலாம்பு குத்தக் கூடாதுல்ல."

மரங்களில் கட்டியதில் ஒரே ஒரு பெட்டியில் ஒரு கிளி ஜோடி குடியேறியது. வேலை முடிந்ததும் தச்சர் மலையேறிவிடுவார். மரத்தடியில் நின்று குஞ்சுகளின் சத்தத்தைக் காதாரக் கேட்பார். "கடவுளே, இதுங்க பறந்துட்டாப் போதும்" என்று கும்பிட்டுவிட்டு இறங்குவார்.

ஒரு நாள் சத்தமில்லை. காவலர் ஏணி வைத்துப் பெட்டியை இறக்கினார். மூடியைத் திறந்தால், இறகு முழுசாக வளர்ந்த மூன்று குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. துவாரத்துக்குக் கீழே, உட்பலகையெங்கும் நகம் வழுக்கிய கோடுகள்.

"ஏறி வர முடியல அண்ணே." காவலர் அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தார். "பறக்கிற பருவம் வந்தா தாய் வெளியதான் கூப்புடும், உள்ள தீனி கொண்டாராது. பொந்துன்னா உள்ள சொரசொரன்னு இருக்கும். வாங்கும்போது நானாவது கைய விட்டுப் பாத்திருக்கணும்."

தச்சர் குஞ்சுகளைத் துண்டில் பொதிந்து சாம்பல் மண்ணில் புதைத்தார். மற்ற பெட்டிகளையும் இறக்கி வந்து, உட்பக்கமெல்லாம் உளியால் கொத்தினார். ஒவ்வொரு கொத்துக்கும் அவர் கட்டைவிரல் தானாகப் போய் அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தது.

"அடுத்த பருவத்துல வரும்ங்க. ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

"இந்த மூணும் வராதே."

பெட்டிகள் மறுபடி மரமேறின. அந்த ஜோடி கிட்டேயே வரவில்லை. அங்கே ஒரு மரக்கன்று வளர்ந்து, கிழண்டு, பொந்து விழ அவர் ஆயுள் போதாது. ஆனாலும் சாயங்காலமானால் ஏறுகிறார். பெட்டிக்குப் பெட்டி நின்று காது கொடுக்கிறார். காற்றுதான் உள்ளே போய் வருகிறது.