தோசைக்கல்லில் குப்புற விழுந்த பீட்சா

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுத் தோசைக்கல் படுத்த படுக்கையாகிவிட்டது. காரணம் — பீட்சா.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு வருஷம் பூராவும் வராத போன்கள் எல்லாம், சாரல் சீசன் ஆரம்பித்ததும் வரிசை கட்டி வரும். எடுத்தால் ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது. நேரே விஷயம்தான்.

"தண்ணி விழுதா?"

குற்றாலத்தில் அருவி விழுகிறதா என்று கேட்கிறார்கள். நாமும் சளைக்காமல், "விழுது, விழுது... நல்லாவே விழுது, வாங்க" என்று சொல்லிவிடுவோம். போய்ப் பார்த்துவிட்டா சொல்கிறோம்? பால்காரர் சொன்னதையும், மேற்கே மலை மேல் மேகம் கவிழ்ந்து கிடப்பதையும் வைத்து ஒரு குத்துமதிப்புதான்.

உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லட்டுமா? எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறி, சேலையை ஒதுக்கி, சௌகரியமாக உட்காருவதற்குள் குற்றாலம் வந்துவிடும். அவ்வளவு பக்கம். ஆனால் நான் அருவியில் தலையைக் காட்டி எத்தனையோ சீசன் ஆகிவிட்டது!

ஏன்? பசிதான். என் பசி இல்லை... குளிக்கிறவர்களின் பசி. அருவித் தண்ணி பட்ட உடம்பு வீட்டுக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பாடு ரெடியா?" நாலு பேர் குளிக்கப் போனால், ஒருத்தி வீட்டில் இருந்து உலை வைத்தாக வேண்டும். அந்த ஒருத்தி யார் என்று தென்காசியில் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். குளிக்கிறவர்கள் வருஷா வருஷம் மாறுவார்கள். உலை வைக்கிறவள் மாறுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு சாரல் விருந்தாளி, என் வீட்டுக்காரரின் அக்கா கோமதி மதினி. சென்னையிலிருந்து கணவரோடும், கல்லூரியில் படிக்கும் மகள் நித்யாவோடும் வந்து இறங்குவார். நல்ல மனுஷி. என் மனம் நோக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒரே ஒரு கொள்கை வைத்திருக்கிறார் — கடைச் சாப்பாடு கூடாது.

"தம்பி வீட்டுக்கு வந்துட்டு, ஓட்டல் வாசல்ல போயி எதுக்கு நிக்கணும்? வீட்டுல ஒரு ரசம் வச்சாலும் போதும்லா?" என்பார்.

ஒரு ரசம் வைத்தால் போதும்! அந்த ஒரு ரசத்துக்குப் பின்னால் ஒரு சாம்பார், இரண்டு காய், அப்பளம், மோர் எல்லாம் ஒளிந்திருப்பது சமைக்கிறவளுக்குத்தானே தெரியும்? வழியெல்லாம் பரோட்டாக் கடை மணக்கும். மதினி கண்டுகொள்ள மாட்டார்.

ஒவ்வொரு வருஷமும் நானும் கேட்டுப் பார்ப்பேன். "மதினி, இன்னைக்கு நானும் குளிக்க வாறேன்."

"வாயேன்ட்டி, உன்னை யாரு வேண்டாம்னா?" என்று சந்தோஷமாகச் சொல்வார். சொல்லிவிட்டு, ஒரு வினாடி யோசித்துக் கேட்பார்:

"அப்ப மத்தியானத்துக்கு?"

அவ்வளவுதான். எடுத்த துண்டை மறுபடி கொடியில் போட்டுவிடுவேன். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்கப்படும் இந்தக் கேள்வி இருக்கிறதே... இதற்கு என்னிடம் பதில் இருந்ததே இல்லை.

இந்த வருஷம் பதில் கிடைத்தது. ஃப்ரீசருக்குள்.

மதினி வருவதற்கு முந்தின நாள், புதிதாகத் திறந்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கண்ணாடி மூடி போட்ட பெரிய ஃப்ரீசர். உள்ளே பச்சைப் பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் அட்டை அட்டையாகப் பீட்சா. சூடு காட்டினால் போதுமாம்! வெட்ட வேண்டாம், அரைக்க வேண்டாம். ஓவன் இல்லாவிட்டால் தவாவில் மூடி போட்டு வைக்கலாம் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது. எனக்குச் சட்டென்று அருவிச் சத்தம் கேட்டது.

கையை விட்டு எடுத்தேன். பக்கத்தில் நின்ற கடைப் பெண் பதறிப்போய் ஓடி வந்தாள். "ஆச்சி, அது தோசை மாவு இல்ல! மாவு அங்கன இருக்கு."

ஆச்சியாம்! எங்கள் பக்கம் அது மரியாதைதான். தெரியும். தெரிந்தாலும் எரிகிறதே!

"தெரியுதும்மா. எனக்குப் பீட்சாதான் வேணும்."

"பேரப் பிள்ளைகளுக்கா ஆச்சி?"

"இல்ல. எனக்கு!" என்று சொல்லி மூன்று அட்டைகளைக் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தேன். ரோஷத்தில் வாங்கியது ஒன்று, ஆசையில் வாங்கியது இரண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் காபி குடிக்கும்போது அறிவித்தேன். "நாளைக்கு நானும் அருவிக்கு வாறேன்."

"வாயேன்ட்டி... அப்ப மத்தியானத்துக்கு?"

"பீட்சா!"

நித்யா மட்டும் கைதட்டினாள்.

"அது கடைச் சாப்பாடுல்லா?" — மதினி.

"கடைல வாங்கினா என்ன மதினி? அரிசியும்தான் கடைல வாங்குதோம். நம்ம அடுப்புல வேகுறதெல்லாம் வீட்டுச் சாப்பாடுதானே?"

இந்த வாதத்தை நான் இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன். மதினி யோசித்தார். மறுப்பு இல்லை. ஆனால் அடுத்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். "சரிட்டி... நாம எல்லாரும் அங்கன போயிட்டா, அதை யாரு சூடு பண்ணுவா?"

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாரல் காற்று பட்டாலே தும்முவார் என்பதால் அருவிப் பக்கம் வரமாட்டார்.

"நான் எதுக்கு இருக்கேன்? நீங்க போயி நிம்மதியா குளிச்சிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

இந்த மனுஷருக்குச் சமையலில் தெரிந்தது ஒன்றே ஒன்று — தோசை சுடுவது. அதைப் பழுதில்லாமல் சுடுவார். ஓரம் கிளம்புகிற பக்குவம் பார்த்து ஒரே திருப்பில் திருப்புவார். கடைசியில் அந்தத் திறமைதான் எங்களைக் கவிழ்த்தது.

சனிக்கிழமை காலை எல்லோருக்கும் இட்லி கொடுத்துவிட்டு, சப்பாத்திக் கல்லை எடுத்து அடுப்பின் மேல் வைத்தேன். "இதுலதான் வைக்கணும். சிம்ல. மூடி போட்டு" என்று சொல்லிவிட்டு, நான் — நானேதான் — ஆட்டோவில் ஏறினேன்.

ஐந்தருவி. பெண்கள் பக்கம் திருவிழாக் கூட்டம். போலீஸ்காரம்மா விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார், யார் காதிலும் விழவில்லை. மதினி என் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு அடி... இன்னொரு அடி... தலையில் விழுந்தது பாருங்கள்!

முதுகில் யாரோ உரலைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மூச்சு முட்டியது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. சாம்பாருக்குப் பருப்பு போட்டேனா, கேஸை அணைத்தேனா, தயிர் உறைந்ததா... இப்படி எப்போதும் ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்குமே, அது நின்றுவிட்டது. சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு எழுதத் தெரியவில்லை.

வெளியே வந்தோம். மதினி நடுங்கிக்கொண்டே, "இன்னொரு தடவ போவமா?" என்றார். போனோம். அப்புறம் நான், "இன்னொரு தடவ?" என்றேன். போனோம். அண்ணன், அதாவது மதினியின் கணவர், துண்டு மூட்டையோடு உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து, நேந்திரம்பழ சிப்ஸ் ஒரு பொட்டலத்தைத் தனியாளாக முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே வாசனை வரவேற்றது. பீட்சா வாசனை இல்லை. பால் அடிப்பிடித்த வாசனை.

வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுப்படிக்கு ஓடினேன். சப்பாத்திக் கல் நான் வைத்த அடுப்பில் இல்லை. அங்கே இருந்தது என் தோசைக்கல்! அதன் மேல் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு படலம்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் தோசைக்கல் தனி, சப்பாத்திக் கல் தனி. கல்யாணமான புதிதில் ஆலங்குளம் சந்தையில் வாங்கி, எண்ணெய் தடவித் தடவி நான் பழக்கியெடுத்த இரும்புக் கல் அது. அதில் சப்பாத்தி போட்டால்கூட மறுநாள் தோசை எழும்பாது. நானே ஆம்லெட் போட்டதில்லை!

"சப்பாத்திக் கல்லைத்தானே வச்சிட்டுப் போனேன்?"

"அது சின்னது. பீட்சா விட்டம் ஜாஸ்தி. வெளிய தொங்குச்சு" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா? விட்டம் எல்லாம் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

"சரி, மூடி போட்டீங்களா?"

"போட்டேன். சிம்லதான் வச்சேன். தொறந்து பாத்தா கீழ்ப்பக்கம் நல்லா செவந்துட்டு. மேல்பக்கம் வெள்ளையா, பச்சையா கெடக்கு. கைல தோசைக் கரண்டி இருந்துச்சா... கை தானா போயிட்டு."

"கை தானா போயி?"

"திருப்பிப் போட்டுட்டேன்."

நித்யா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா! பீட்சாவை யாராவது திருப்பிப் போடுவாங்களா?"

"திருப்பிப் போடாம மேல்பக்கம் எப்பிடிட்டி வேகும்?" என்று அவர் நிஜமாகவே கேட்டார். "ஒட்டிக்கிட்டு வர மாட்டேன்னுட்டு. அதான் சுத்தி நல்லெண்ணெய் விட்டேன்."

நல்லெண்ணெய்!

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"போட்டேனே! ஃப்ரிட்ஜு மேல அடிச்சுது."

என் போன்தான். நனைந்துவிடும் என்று நானே வைத்துவிட்டுப் போனது.

இரண்டாவது பீட்சாவை நித்யா பொறுப்பேற்று, சப்பாத்திக் கல்லில் ஓரம் வெளியே தொங்கத் தொங்கச் சூடு செய்தாள். ருசி எப்படி? வரன் பார்க்க அனுப்பிய போட்டோவையும் நேரில் வந்த மாப்பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அட்டைப் படத்துக்கும் தட்டில் இருந்ததற்கும் அந்த அளவுக்குத்தான் சம்பந்தம். படத்தில் குடைமிளகாய் குவிந்து கிடந்தது. தட்டில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அருவிப் பசிக்கு அது எந்த மூலைக்கு? ஆளுக்கு இரண்டு வாயில் காலி. அண்ணன் மெதுவாக எழுந்து போய், தோசைக்கல்லில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து, இட்லிப் பொடி தொட்டுச் சாப்பிட்டார். "ரெண்டுல இதுதான் நல்லா இருக்கு" என்று தீர்ப்பும் சொன்னார். மூன்றாவது அட்டையைத் திறக்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

கடைசியில் என்ன? ஈரத் தலையோடு நான் உலை வைத்தேன். இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தும் அதே அடுப்படி, அதே அரிசி. கோபமா, வருத்தமா என்று தெரியாமல் ஒரு மாதிரி இருந்தது. பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால், மதினி ஈரத் தலையோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஊற்றிப் பார்த்தேன். எழும்பவில்லை. கிழிந்து, சுருண்டு, உப்புமா மாதிரி வந்தது. நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். வீட்டுக்காரர் தானாகவே அரை வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி, எண்ணெயில் தொட்டு, கல்லைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். திருத்தவே முடியாத பரீட்சைத் தாளைக் கையில் வாங்கிய முகம்.

அப்போது மதினி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ஏட்டி, கெளம்பு. அருவிக்குப் போவோம்."

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? பழக்க தோஷம்!

"அப்ப மத்தியானத்துக்கு?"

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. மதினி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் கேட்ட கேள்வி, அவர் காதில் இப்போதுதான் முதல் தடவையாக விழுகிறது போல. முகம் மாறியது. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏலே, ஃப்ரீசர்ல இன்னொரு பீட்சா இருக்குல்லா? அதைச் சுட்டு வையி!"

வெங்காயம் கீழே விழுந்தது.

"வேண்டாம்க்கா! வேண்டவே வேண்டாம்! நான்... நான் சோறு வச்சு ஒரு ரசம் வச்சிருதேன். நீங்க போயிட்டு வாங்க!"

வைத்தார். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல், புளி கொஞ்சம் மட்டு. மதினி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுச் சாப்பாடுதானே!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரோசன் பீட்சா வாங்கலாமா? சாப்பிடுவதற்கு என்றால், அந்தக் காசுக்கு பரோட்டா வாங்கிச் சாப்பிடுங்கள். ஃப்ரீசரில் வைத்திருப்பதற்கு என்றால், கட்டாயம் வாங்குங்கள். எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது அட்டை இன்னும் பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் பாட்டில் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் இவர் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்.

சாரல் இன்னும் முடியவில்லை. யாராவது போன் செய்து "தண்ணி விழுதா?" என்று கேட்டால், இனிமேல் குத்துமதிப்பெல்லாம் கிடையாது... நானே போய் நனைந்துவிட்டு வந்து சொல்கிறேன்!