தெற்கே திரும்பிய அகல்கள்

இது நடந்தது. கல்லிடைக்குறிச்சியில், போன வருடத்துக்கு முந்தைய திருக்கார்த்திகை அன்று, பேச்சித்தாய்க்கு நடந்தது. பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை தெற்கே வள்ளியூர்ப் பக்கம் போய், அவள் தம்பி பூதத்தான் குடியிருந்த தெருவில் யாரையாவது நிறுத்தி விசாரித்துவிட்டு வந்து சிரியுங்கள்.

பேச்சித்தாய்க்குக் கூடப் பிறந்தவன் பூதத்தான் ஒருவன்தான். அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். கார்த்திகை என்றால் சிவன் அடியும் முடியும் தெரியாத நெருப்பாக எழுந்து நின்ற நாள் என்று கோயிலில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அது உடன்பிறந்தவனுக்காக விளக்கேற்றுகிற நாள். ஒவ்வொரு அகலுக்கும் திரி போடும்போது அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவனும் அக்காவுக்குச் சீர் கொண்டு வருவான்.

பூதத்தானும் கொண்டு வந்துகொண்டுதான் இருந்தான். கொத்தனார் வேலை, கை நிறையக் கொண்டுவர முடியாது. ஒரு கார்த்திகைக்கு அவன் கொண்டு வந்த தூக்குச்சட்டியைப் பார்த்து, பேச்சித்தாயின் புருஷன் இசக்கிதுரை நாலு பேர் முன்னால் கேட்டான்: "இதத் தூக்கிட்டு வர பஸ்ல டிக்கெட் வேற எடுத்தியாலே?"

பூதத்தான் கை நனைக்காமல் போய்விட்டான். அதற்குப் பிறகு மூன்று கார்த்திகை அந்த வாசலை மிதிக்கவில்லை. பேச்சித்தாய் போய்ப் பார்க்கவும் வழியில்லை. போனால் அப்படியே அங்கேயே இருந்துகொள் என்பது இசக்கிதுரையின் சட்டம். அவமானத்தை வாங்கியவனைவிடக் கொடுத்தவனுக்குத்தான் ரோஷம் அதிகம் வரும் போலிருக்கிறது.

அந்த வருடம் இசக்கிதுரை புது வீடு கட்டியிருந்தான். வெள்ளை டைல்ஸ், இரும்புக் கதவு. புது வீட்டில் முதல் கார்த்திகை. தம்பி வந்து நிற்காமல் எப்படி விளக்கேற்றுவது என்று பேச்சித்தாய்க்கு ஆறவில்லை. நாலு நாளைக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் போன் போட்டாள்.

"எலே, சீரு கீரு ஒண்ணும் வேண்டாம். கொழுக்கட்டை அவிக்கப் பனங்குருத்து மட்டும் கொண்டா. ஓலை போதும். நீ வந்தாப் போதும்."

"சரிக்கா. வெளக்கு வைக்கதுக்குள்ள வந்துருதேன்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த நாலு நாளும் அவள் தரையில் நடக்கவில்லை.

கார்த்திகைக்கு முந்தின நாள் மத்தியானம் இசக்கிதுரை அவள் போனை எடுத்துக்கொண்டு போனான். சார்ஜ் நிற்கவில்லை, கடையில் கொடுத்திருக்கிறேன் என்றான். நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் காலையில் அவனே ஒரு கட்டுப் பனங்குருத்து வாங்கிக்கொண்டு வந்து அடுக்களையில் போட்டான். கல்யாணமான இத்தனை வருடத்தில் கடைக்குப் போய் ஒரு கொத்துக் கருவேப்பிலை வாங்கி வராத மனுஷன்.

"எதுக்கு? தம்பி கொண்டு வாரான்லா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்தாள்.

விழவில்லை.

"கெடக்கட்டும். இதுலயே அவி," என்று பைய சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

மாமியார் பார்வதியம்மாளும் அன்று ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். விடிந்தால் பேச்சித்தாயைக் கரித்துக் கொட்டாமல் காப்பி இறங்காத தொண்டை அது. அன்று தட்டைக் கையில் கொடுத்து, "சாப்பிடுளா. நல்லா வயிறு நெறயச் சாப்பிடு," என்றாள். எதிர்வீட்டுக்காரி கதவுவரை வந்தாள். பேச்சித்தாயைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். கேட்டதற்கு, "தூசி விழுந்திருக்கும்," என்றாள் மாமியார்.

பேச்சித்தாய் கொழுக்கட்டை அவித்தாள். அகல்களைக் கழுவிக் கவிழ்த்தாள். காது மட்டும் தெருவிலேயே இருந்தது. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள். நாலு மணி ஆனது. ஐந்து ஆனது. அவன் வரவில்லை.

சரியாக ஆறு மணிக்கு டிவியில் திருவண்ணாமலை மலைமேல் தீபம் எரிந்தது. அதைப் பார்த்துத்தான் வீட்டில் ஏற்ற வேண்டும். பார்வதியம்மாள் தாலி இழந்தவள். புது வீட்டின் முதல் விளக்கை அவள் தொட மாட்டாள். மருமகள் கைதான் ஏற்ற வேண்டும்.

பச்சைச் சேலை உடுத்தி, தலையைப் பின்னி முடிந்து, பேச்சித்தாய் குத்துவிளக்கை ஏற்றினாள். பிறகு வாசல்படியில் அகல்களை வரிசையாக வைத்து ஏற்றினாள். எல்லா அகலின் மூக்கும் கிழக்கே பார்த்து. தெற்கே பார்த்து யாரும் விளக்கு வைக்க மாட்டார்கள். அது எமன் திசை. செத்தவர் தலைமாட்டில் வைக்கும் ஒற்றை விளக்குக்குத்தான் திரி தெற்கே பார்க்கும்.

'என் தம்பி நல்லா இருக்கணும்.' ஒவ்வொரு அகலுக்கும் ஒருதரம் சொன்னாள்.

உள்ளே போய் அம்மிக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டு வந்தாள். வாசலில் முதல் அகல் திரும்பியிருந்தது.

தெற்கே.

சின்னப் பிள்ளைகள் சேட்டை என்று நினைத்தாள். தெருவில் பிள்ளைகள் யாரும் இல்லை. எல்லாம் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தன. அகலைக் கிழக்கே திருப்பி வைத்தாள்.

மாட்டுத் தொழுவத்துக்கு ஒரு விளக்கு கொண்டு போனாள். மாடு எழுந்து நின்றது. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்தது.

திரும்பி வந்தாள்.

எல்லா அகலும் தெற்கே திரும்பியிருந்தன.

ஒன்றுகூட அணையவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. காற்று இல்லை, எதிர்வீட்டு வேம்பில் ஓர் இலை அசையவில்லை. ஆனால் சுடர்கள் மட்டும் தெற்கே சாய்ந்து, யாரோ அந்தப் பக்கமிருந்து உறிஞ்சுவது போல நீண்டு எரிந்தன...

கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டால் முதல் விளக்கிலேயே அபசகுனம் என்று மாமியார் வீட்டையே இரண்டாக்குவாள். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். மிச்சம் கிணற்றடிதான். ஒற்றை அகலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள்.

தூரத்தில் கேட்ட வெடிச்சத்தம் நின்றது.

கோயில் மணியும் நின்றது.

கிணற்றுச் சுவர் தெரிந்தது. அகலைக் கீழே வைக்கக் குனிந்தாள்.

"எக்கா..."

காதுக்குப் பக்கத்தில்.

பூதத்தானின் குரல்.

அவள் திரும்பினாள்...

அடுத்து அவளுக்கு நினைவிருப்பது பார்வதியம்மாளின் கூச்சல். "எங்களா போன? எங்கன எல்லாம் தேடுதது!"

பேச்சித்தாய் வீட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது உள்ளே வந்தாள்? கிணற்றடிக்குப் போய் ஒரு நிமிஷம்தான் இருக்கும். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழே கால். சொக்கப்பனை எரிந்து முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"கெணத்தடியிலதான் இருந்தேன்."

"அங்கனயும் பாத்தாச்சு. நீ இல்ல."

மாமியாரின் கண் கீழே போனது. பேச்சித்தாயும் குனிந்து பார்த்தாள்.

வெள்ளை டைல்ஸில் காலடித் தடம். அவள் காலடிதான். செக்கச்சிவந்த மண். கல்லிடைக்குறிச்சியில் வயலிலும் சரி, ஆற்றங்கரையிலும் சரி, அப்படி ஒரு மண் கிடையாது. முடிந்திருந்த தலை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. கையை முகர்ந்து பார்த்தாள். ரோஜா மாலையும் ஊதுபத்தியும் கலந்த வாசம்.

அந்த வாசம் பார்வதியம்மாளுக்கும் எட்டியது. அவள் இரண்டு எட்டுப் பின்னால் போனாள்.

"யாரு... யாரு சொன்னா ஒனக்கு?"

"என்ன சொன்னா அத்தை?"

பார்வதியம்மாள் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் குப்பைக் கார்த்திகை. குப்பைமேட்டிலும் ஒரு விளக்கு வைக்க வேண்டும். பேச்சித்தாயையே வைக்கச் சொன்னார்கள். வைத்தாள்.

அதற்கும் மறுநாள் காலையில்தான் இசக்கிதுரை வாயைத் திறந்தான். "ஒன் தம்பி போயிட்டான். கார்த்திகைக்கு மொத நாளு."

போன் பிடுங்கப்பட்ட மத்தியானத்திலேயே அவனுக்குச் செய்தி வந்துவிட்டது. சாவு காதில் விழுந்தால்தான் தீட்டு. விழுகிறவரை தீட்டு இல்லை என்பது ஊர் வழக்கம். தீட்டுக்காரி புது வீட்டுக்கு முதல் விளக்கு ஏற்ற முடியாது. அதனால் அவள் காதை அடைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான். செத்துப்போன தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் விளக்கேற்ற விட்டிருக்கிறார்கள். இந்தக் கதையில் எது பேய் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வழியெல்லாம் பஸ்ஸில் அவள் அழவில்லை. இசக்கிதுரை பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பூதத்தான் பனைமரத்திலிருந்து விழுந்தான் என்று சொன்னான். குருத்து வெட்ட ஏறினானாம். அவள் கேட்ட குருத்து. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. ஒன்று மட்டும்தான் மனதில் ஓடியது. கடைசியாக ஒருதரம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா வரவில்லை என்றே அவனை எரித்திருப்பார்கள்.

வள்ளியூரில் இறங்கி, செம்மண் தெரு வழியாக நடந்து போனார்கள். பூதத்தான் பெண்டாட்டி சுடலைவடிவு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பேச்சித்தாய் அவள் காலடியில் விழுந்தாள்.

"வராமப் போயிட்டேனே தாயி! எம் பிள்ள மொகத்தப் பாக்காமப் போயிட்டேனே!"

சுடலைவடிவு ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"என்ன மதினி சொல்லுதிய? நீங்கதான் வந்தியளே."

இசக்கிதுரை நடையிலேயே நின்றுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, கார்த்திகை அன்று மத்தியானம்தான் உடம்பு வீடு வந்து சேர்ந்ததாம். அக்காவுக்காகக் காத்திருந்தார்களாம். நாலு மணிக்கு இசக்கிதுரை போன் செய்து, அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள், தூக்கிவிடுங்கள் என்று சொன்னானாம். தூக்க மனசில்லாமல் பொழுது சாய்கிற வரை வைத்திருந்தார்களாம்.

"தலமாட்டு வெளக்கு நிக்கவே இல்ல மதினி. ஏத்த ஏத்த அணஞ்சுது. அப்பத்தான் நீங்க வந்திய. பச்சச் சேல. தலைய விரிச்சுப் போட்டுட்டு. யாருட்டயும் ஒரு வார்த்தை பேசல. வெளக்க ஏத்துனிய, நின்னு எரிஞ்சுது. அவுக தலையத் தூக்கி மடில வச்சுக்கிட்டு, அவிழ்ந்த முடி மறைக்கக் குனிஞ்சிய. தெருவே பாத்துச்சு. தூக்கும்போது திரும்பிப் பாத்தா ஒங்களக் காணல. கோவத்துல போயிட்டியன்னு நெனச்சோம்."

சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எந்த பஸ்ஸில் வந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத தூரம்.

பேச்சித்தாய் சுடலைவடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாத்தது எனக்கு ஞாபகம் இல்ல தாயி. நீ சொல்லு. அவன் மொகம் எப்படி இருந்துச்சு?"

சுடலைவடிவு கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும் மதினி? அடிபட்ட மொகம்னு ஆஸ்பத்திரியில மூடிக் கட்டித்தான் குடுத்தாவ. கட்டப் பிரிச்சுப் பாத்தது நீங்க ஒருத்திதான."