மற்ற வருமானம் என்றொரு கட்டம்

எனக்கு வாய் நீளம், கோபமும் சட்டென்று வரும். ஆனால் அரசாங்கக் காகிதம் என்றால் கைகால் உதறும். தொண்ணூறுகளின் கடைசியில் நானும் மனைவியும் புனேயில், கோர்படியில், ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு வேறு ஒரு பிழைப்பு இருந்தது.

நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்கள் எதை ஊரில் விட்டு வந்தாலும் மாவு அரைக்கும் கிரைண்டரை விட்டு வருவதில்லை. ரயிலில் ஏற்றி, போர்ட்டரோடு சண்டை போட்டு, எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். சில வருஷம் ஓடினால் உள்ளே இருக்கும் கல் வழுவழுத்துப்போகும். உளியால் கொத்திவிட்டால்தான் மறுபடி அரைபடும். புனேயில் அதற்கு ஆள் கிடையாது. நானோ கோயமுத்தூரில் கிரைண்டர் பட்டறையில் இரண்டு வருஷம் இருந்தவன். ரயில்வே காலனியில் ஒரு வீட்டில் கொத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான், ஞாயிறுதோறும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மனைவியும் கூட வருவாள். நான் கொத்தக் கொத்தத் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

காசாக வந்த வரைக்கும் சிக்கல் இல்லை. ஒரு மெஸ்காரர் ஆறு கிரைண்டரைச் சரி பண்ணச் சொல்லிவிட்டு, கூலியைச் செக்காகக் கொடுத்தார். எனக்கு இருந்தது சம்பளம் விழும் கணக்கு ஒன்றுதான். அதிலேயே போட்டேன். போட்டுவிட்டு வந்து, வரிக்காரர்கள் கேட்பார்களோ என்று கவலைப்பட்டேன்.

"ஏனுங்க, செக்கு பேங்குக்குள்ள போயிருச்சு. இனி ஒளிச்சு என்ன பண்ணப்போறீங்க? கவருமெண்டுக்கு உள்ளதைச் சொல்லி வரியைக் கட்டிப்போட்டு நிம்மதியா இருங்க" என்றாள் மனைவி.

அந்த மாதம்தான் கம்பெனியில் வருமான வரிப் படிவம் கொடுத்தார்கள். வருஷா வருஷம் பிப்ரவரியில் வரும். இன்ஷூரன்ஸ் ரசீதைப் பின் பண்ணிக் கொடுப்போம், மீதியை அவர்களே சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதில் 'மற்ற வருமானம்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நான் அன்றுவரை படித்ததுகூட இல்லை. அட, இவ்வளவு சுலபமா என்று நினைத்து, செலவு போக ஒரு வருஷத்தில் நின்ற தொகையை எழுதி, பக்கத்தில் 'கிரைண்டர் கல் கொத்தும் வேலை' என்று ஆங்கிலத்தில் தெளிவாகவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். படிவம் நேரே அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைப்பு. நடுவில் கம்பெனி மேஜை ஒன்று இருக்கிறது என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து பஸ் ஏறப்போகும் நேரத்தில் சொல்லி அனுப்பினார்கள், நாளைக் காலையில் பர்சனல் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட காகிதம் ஞாபகம் வந்தது. எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் வேறு தொழில் செய்தால் வேலை போகும் என்று அதில் இருந்தது. நானே என் கையால் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தேன். "உன் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன், புள்ள! நாளைக்கு வேலை போச்சுன்னா சோத்துக்கு என்ன பண்றது?"

அவள் கொஞ்சமும் பதறவில்லை. "சித்தெ சும்மா இருங்க. வேலை போச்சுன்னா திங்கக்கெழமையும் ஞாயித்துக்கெழமைதானுங்க. ஏழு நாளும் கொத்தலாம்."

எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் மேனேஜர் முன்னால் நின்றேன். மராத்திக்காரர், என்னோடு இந்தியில்தான் பேசுவார். என் படிவம் மேஜைமேல் கிடந்தது, அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சில்.

"நான் இங்க வந்த நாள்லேர்ந்து இந்தக் கட்டத்தை எவனும் நிரப்பிப் பார்த்ததில்லப்பா. உளி யாரோடது, கம்பெனியோடதா?"

"சொந்தம் சார். ஊர்லேர்ந்து கொண்டுவந்தது."

"நேரம்?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சார்."

படிவத்தை இன்னொரு தடவை படித்தார். "உன்னை அனுப்பிட்டா, மறைக்கத் தெரிஞ்சவங்கதான் இங்க மிச்சம் இருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, அனுமதி கேட்டு எழுதச் சொன்னார். அடியில் 'வார விடுமுறை நாளில் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொன்ன உண்மைக்கு இப்படி ஒரு மரியாதையா! பஸ்ஸில் அந்தத் தாளைச் சட்டைப்பையில் பத்து தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் எங்கும் கல்தூசி. ரயில்வே காலனியிலிருந்து மூன்று வீட்டுக் குழவிக்கல்லை ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தாள். தலைமுடி வெளுத்து, கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள். இரண்டு கல்லைக் கொத்தி முடித்துவிட்டு மூன்றாவதில் இருந்தாள். முடித்து வைத்திருந்த கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு கொத்தும் ஒரே ஆழம், வரிசை பிசகவில்லை. என்னுடையதைவிட நெருக்கம். அடேயப்பா! இத்தனை ஞாயிறும் இவள் சும்மா தண்ணீர் ஊற்றவில்லை. முந்தின நாள் போட்ட சத்தத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

தாளைக் காட்டினேன். ஞாயிறு மட்டும்தான் என்றேன்.

"அது உங்களுக்குத்தானுங்களே?" என்று கேட்டுவிட்டு உளியை எடுத்தாள்.

அடுத்த பிப்ரவரியில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பொய் இல்லை, தொழில் அவளுடையதாகிவிட்டிருந்தது. சில வருஷத்தில் நகரின் தெற்கே கோந்த்வாவில் கட்டடங்கள் எழும்பின. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் குடும்பத்தோடும் கிரைண்டரோடும் வந்து இறங்கினார்கள். அவள் அங்கே ஒரு கடை பிடித்து, பெல்ட், பேரிங் எல்லாம் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தாள். அவளே வரி கட்டும் அளவுக்கு வருமானம் வந்தது.

முதல் தடவை அவள் பேரில் வரி ரிட்டர்ன் எழுத, அதை எழுதிக் கொடுப்பவரிடம் இருவரும் போனோம். அவர் என்னைப் பார்த்து, தொழில் யார் நடத்துவது, நீங்கள்தானே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அவள் தனக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொல்லிவிட்டாள். "நான்தான் நடத்துறேன். அவருக்கு வேற வேலை இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கிட்ட வேலைக்கு வருவாரு."

நான் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டி, அவள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.