கமிட் கொடுக்காத வீடு

சிங்கப்பூர் தெம்பனிஸ் அலுவலகத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். டேட்டாபேஸில் குடியிருப்போர் டேபிளில் சோதனைக்குச் சில வரிசைகள் சேர்க்க வேண்டும். அதற்கான இன்சர்ட் கட்டளையை எழுதும்போது, ஒரே வீட்டு எண்ணில் என் பெயர், மனைவி பெயர், மகள் பெயர் என்று போட்டுவிட்டேன். அவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இங்கே வந்து என்னோடு தங்க அவர்களுக்கு இன்னும் பாஸ் கிடைக்கவில்லை.

பக்கத்து சீட் கமலா அக்கா தன் திரையில் தேடினார். “ஒண்ணும் வரலையே தம்பி. கமிட் பண்ணலையா?”

கமிட் கொடுக்கும்வரை, சேர்த்தது நம் திரையில் மட்டும்தான் தெரியும், மூடினால் போய்விடும்.

அக்கா என் திரையை எட்டிப் பார்த்து, பெயர்களைப் படித்தார். “அவசரமில்ல லா, மெதுவா மூடுங்க” என்று சாப்பிடப் போய்விட்டார்.

மாலை கிளம்பும்போதுதான் மூடினேன். சிங்கப்பூரில் நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தது அந்த ஒரு பகல்தான்.