மென்றுகொண்டே தூங்கியவன்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒருத்தி தாயில்லாமல் வந்த கொழுந்தன் மகள். பருத்தி எடுத்தும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியும் ஐந்து பேரையும் ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இரண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுதவும் பல நாளாயிற்று. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

இது என் நடு மகனைப் பற்றியது. அவன் லாரி ஓட்டுகிறான். கோவில்பட்டியில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு நாக்பூர், குஜராத் என்று வடக்கே போனால் திரும்பி வர இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். முன்பெல்லாம் வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவர் ஓட்டினால் ஒருவர் படுப்பார். இப்போது இந்த வேலைக்கு ஆள் வருவதில்லை. பையன்கள் சென்னையில் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாலும் கொடுப்பேன், லாரியில் ஏறமாட்டேன் என்கிறார்கள். என் மகன் தனியாகவே போய் வருகிறான். அதைத் தெருவில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து டிரைவர்கள் தூக்கத்தை விரட்ட வைத்திருக்கிற மருந்து கடலைமிட்டாய். வாயில் ஒன்றைப் போட்டு மென்றுகொண்டே இருந்தால் தூக்கம் கிட்ட வராது என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. சில பேர் புகையிலை வைப்பார்கள், மாத்திரைகூடப் போடுவார்கள் என்று இவன் சொல்வான். இவன் அதையெல்லாம் தொடமாட்டான். தீப்பெட்டி லோடு என்பதால் பீடியும் கிடையாது. அதனால் ஒவ்வொரு நடைக்கும் பஜாருக்குப் போய் நல்ல மிட்டாயாகப் பார்த்து வாங்கி டப்பாவில் அடைத்துக் கொடுப்பேன்.

போன பங்குனியில் கொழுந்தன் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று திருமங்கலத்திலிருந்து தகவல் வந்தது. போய்ப் பார்க்கக் கிளம்பினேன். அன்றைக்கு மகனும் வண்டி எடுக்கிறான்.

“எம்மா, பஸ்ல போயி இடிபடாத. என் வண்டியில ஏறிக்க. திருமங்கலத்துல எறக்கி விட்டுட்டுப் போறேன்.”

“அந்த ஒசரத்துல நான் எப்படில ஏறுவேன்?”

“பின்னால இருந்து தள்ளி விடுதேன், ஏறு.”

“நீ தள்ளுனா நான் அந்தப் பக்கம் போயி விழுவேன்.”

எப்படியோ ஏறிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவன் வண்டிக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்து பார்த்தால் ஊரே கீழே கிடக்கிறது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அவன் வடக்கேயிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் ஊருக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டுதான் விசேஷமே வைப்பார்கள். வந்த அன்றைக்கே நாகலாபுரத்தில் மருமகள் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மறுநாள் கழுகுமலையில் நேர்த்திக்கடன். அங்கிருந்து நேரே குடோனுக்குப் போய் லோடு ஏறி முடிகிறவரை நின்றான். விடிந்து வந்து குளித்தான். மத்தியானம் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டான். படுத்ததை நான் பார்க்கவில்லை. அவனும் சோர்வாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

நல்ல வெயில். நாலுவழிச் சாலையில் கானல் ஓடுகிறது. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கிறது. என்ஜின் சத்தம் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. அவன் மிட்டாயை வாயில் போட்டு மென்றுகொண்டே ஓட்டினான். நான் பேசிக்கொண்டே வந்தேன். காதுகுத்தில் யார் யார் வந்தார்கள், யார் என்ன சீர் செய்தார்கள் என்று முதலில் அவனும் நன்றாகத்தான் பேசினான். பிறகு பேச்சு குறைந்து “ம்” மட்டும் வந்தது. ஆம்பிளைப் பிள்ளைகள் அப்படித்தானே என்று நான் கண்டுகொள்ளவில்லை.

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது, “ஏலே, ஆத்தப் பாரு, சொட்டுத் தண்ணி இல்ல. வெறும் முள்ளுதான் கெடக்கு” என்றேன்.

“ம்.”

“நாங்கல்லாம் இதுல எறங்கிக் குளிச்சோம்.”

“ம்.”

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு எனக்கும் வாய் ஊறியது. “எனக்கும் ஒரு மிட்டாயி தாயேம்ல” என்று கையை நீட்டினேன்.

“ம்” என்றான். தரவில்லை. நீட்டின கை நீட்டினபடி இருக்கிறது. அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

கண் திறந்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. தாடை மெதுவாக மென்றுகொண்டிருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குள் அவன் இல்லை. ஐந்து பேருக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்தவள் நான். தூங்குகிற கண் எது, பார்க்கிற கண் எது என்று எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டு என் மகன் தூங்குகிறான். தீப்பெட்டி ஏற்றின லாரி ரோட்டில் பறக்கிறது.

முன்னால் பார்த்தேன். வண்டி இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகிறது. ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நாலைந்து பெண்கள் நிற்கிறார்கள். கையில் தூக்குச் சட்டி, வயர் கூடை. என்னை மாதிரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வருகிற பெண்கள். ஒருத்தி சேலைத் தலைப்பை முகத்துக்கு நேரே வெயிலுக்குப் பிடித்திருந்தாள். அவளுக்கு வண்டி வருவது தெரியாது.

“ஏலே!” என்று நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை. அவன் தொடையில் ஓங்கி அடித்தேன். வண்டி வலது பக்கம் திரும்பியது. அந்தப் பெண்களின் சேலை காற்றில் அடித்ததைப் பார்த்தேன். அவ்வளவு பக்கம்.

அவன் திடுக்கிடக்கூட இல்லை. சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தான்.

“என்னம்மா, ஏன் கத்துத?”

“தூங்கிட்டியேல!”

“நானா? முழிச்சிட்டுத்தான இருக்கேன். பாரு, மிட்டாயி மெல்லுதேன்.”

“இப்ப எந்த ஊருல வாரோம், சொல்லு.”

“சாத்தூரு வரப்போவுது.”

“சாத்தூரு போயிருச்சுல. பாலம் தாண்டியாச்சு.”

“வெளாடாதம்மா.”

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே விருதுநகர் என்று போட்ட பச்சைப் பலகை வந்தது. எனக்கே எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது. அவனும் வாசித்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

ஒரு டீக்கடை பக்கத்தில் வேப்பமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை.

“பாலத்துல வண்டி எதுவும் இருந்துச்சாம்மா?”

“முன்னால ஒரு பஸ்ஸு போச்சு. நீ பின்னாலயே வந்த.”

“எனக்குத் தெரியலையே” என்றான். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தவனைத் தூக்கி எடுத்தபோது இருந்த முகம் அது.

பிறகு முகத்தைக் கழுவினான். ஒரு டீ குடித்தான். “சரி, போவமா?” என்கிறான்! நான் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“எம்மா, சாவியக் குடு. லோடு நேரத்துக்குப் போய்ச் சேரணும்.”

“நீ போய்ச் சேந்துருவ. லோடு இங்கனயே எரிஞ்சிரும். பின்னால ஏறிப் படுல.”

“பகல்ல படுத்தா எனக்குத் தூக்கம் வராது.”

“இவ்வளவு நேரம் வந்தது என்னதாம்?”

சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையில் முனகிக்கொண்டே சாய்ந்தான். அடுத்த மூச்சில் குறட்டை. நான் முன்னால் உட்கார்ந்து காவல் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. லாரி முதலாளி. வண்டி நிற்பது செல்போனில் அவருக்குத் தெரியுமாம்.

“ஏய், வண்டி ஏன் ஒரே எடத்துல நிக்கி? பஞ்சரா?”

“நான் அவன் அம்மா பேசுதேன் அண்ணாச்சி. அவன் தூங்குதான்.”

“பட்டப்பகல்ல என்ன தூக்கம் ஆச்சி?”

“பட்டப்பகல்லதான் கண்ணத் தொறந்துட்டு, வண்டிய ஓட்டிட்டே தூங்குனான். இப்பதான் கண்ண மூடியிருக்கான்.”

“அதா? அது டிரைவர்மாருக்கு உள்ளதுதான. மூஞ்சியக் கழுவச் சொல்லுங்க, சரியாயிரும்.”

உள்ளதுதான என்றார். மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பது மாதிரி. “அண்ணாச்சி, உங்க மவன் இந்தச் சீட்டுல இருந்தா இப்படிச் சொல்லுவீயளா?” என்று கேட்டேன். “ரெண்டாவது டிரைவர் கெடச்சா நான் போடமாட்டேனா ஆச்சி? சரி, தூங்கட்டும்” என்று வைத்துவிட்டார்.

டீ குடிக்க வந்த இன்னொரு லாரி டிரைவர், சங்கரன்கோவில்காரர், கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். “எல்லாரும் அப்படித்தான் ஆச்சி. நான் ஒருக்க மதுரையில டீ குடிக்கணும்னு நெனச்சுட்டே போனேன். பாத்தா மதுரை எப்பமோ போயிருச்சு.”

“சிரிக்கீங்களே!”

“அழுதா யாரு ஓட்டுவா?” என்றுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு ரோட்டைப் பார்க்க என்னால் முடியவில்லை. லாரி லாரியாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் கண் திறந்துதான் இருக்கிறது.

பொழுது சாய்கிற நேரத்தில் மகன் எழுந்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்தான். பிறகு, “இனிமே தூக்கம் வந்தா வண்டிய நிறுத்திருதேம்மா” என்றான்.

“வந்தது ஒனக்கே தெரியலையேல” என்றேன்.

அவன் வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டான். “ஒரு நாள் பிந்தும் அண்ணாச்சி. மத்தியானம் சாப்பிட்டா வண்டிய ஓரங்கட்டிப் படுத்துருவேன். தூக்கம் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. முடியாதுன்னா வேற ஆளு பாத்துக்கோங்க.” அந்தப் பக்கம் அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. இருட்டினபின் திருமங்கலத்தில் கொழுந்தன் மகள் வீட்டில் என்னை இறக்கிவிட்டுப் போனான். முதலாளிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. இவன்தான் இன்னும் ஓட்டுகிறான்.

வழியில் அவன் படுக்கிறானா என்று நான் போய்ப் பார்க்க முடியாது. என் வீட்டில் படுப்பதை நான் பார்க்கலாம். ஊருக்கு வந்தால் அவன் தூக்கம் தீருகிறவரை ஒரு விசேஷத்துக்கும் அனுப்புவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். சொந்தக்காரர்களுக்கு என் மேல் கோபம். போன தடவை வந்த சம்பந்தி, “மாப்ள இன்னும் எந்திரிக்கலையா? பெரிய கலெக்டருதான்” என்றாள்.

“கலெக்டரு தூங்குனா ஒண்ணும் ஆவாது. இவன் தூங்காம வண்டியில ஏறுனா ஆவும்” என்றேன். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். போகட்டும்.

இன்றைக்கு லோடு ஏறிவிட்டது. முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எழுப்ப முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பாலத்தைத் தாண்டினது அவனுக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் கை வலிக்க எழுதினேன். வண்டி எடுக்கும் முன் அவன் இதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பேத்தியைக் கூப்பிட்டேன். அவன் மகள்தான்.

“ஏட்டி, இங்கன வா. இத ஒருக்க வாசி.”

“சத்தமா வாசிக்கவா ஆச்சி?”

“மெதுவா வாசி. உங்கப்பன் எந்திரிக்க இன்னும் நேரம் கெடக்கு.”