ரிஸ்வானாவின் பெருநாள் காசு

விடுதி வார்டன் வேலைக்குக் கண் நாலு வேண்டும். வாய் ஒன்றே அதிகம். வயசுப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் என் கூட்டத்தாருக்கு இதைப் பட்டுத் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

நோன்பில் பாட்டு

கோவில்பட்டியில் எங்கள் முஸ்லிம் மாணவிகள் விடுதியில் இருபத்திரண்டு பேர். பாதிப் பேருக்கு ஒரு கொரியப் பாட்டுக்குழுப் பையன்களின் பிறந்தநாள் எல்லாம் மனப்பாடம். ரமலான் மாதம் இயர்போனைப் பார்த்தால் பறித்துவிடுவேன் என்றேன். பகல் முழுக்க ஒரு காதிலும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் கஞ்சிக் கோப்பையைக் கழுவுவதற்குள் பத்துப் பேர் காதில் ஏறிவிட்டது. ஏன் என்று கேட்டேன். ரிஸ்வானா சொன்னாள்:

“பகல்ல நோன்பு மேடம். இப்பதான் திறந்தாச்சுல்லா.”

பார்சல்

ரிஸ்வானாவுக்கு வாப்பா இல்லை. உம்மா எட்டயபுரத்தில் துணி தைக்கிறவர். இரண்டு வருஷமாக ஜமாஅத்தின் ஜகாத் நிதியில்தான் கல்லூரிக் கட்டணம். அவளுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அந்தக் குழுவின் ஆல்பம். உள்ளே ஒரு சிடி, ஒரு பையனின் சின்னப் படம். சிடியைப் போட்டுக் கேட்க விடுதியில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. வீண்விரயம் எவ்வளவு பெரிய பாவம் என்று அரைமணி நேரம் பயான் செய்தேன். மாமாவும் சாச்சாவும் பெருநாளைக்குக் கையில் வைத்த காசை மூன்று வருஷம் சேர்த்தேன் என்றாள். அப்புறம் இதையும் சொன்னாள்:

“இதுவரைக்கும் எல்லாம் தேவைக்கு வாங்குனது மேடம். இது ஒண்ணுதான் ஆசைப்பட்டு வாங்குனது.”

கல்யாண வீட்டில்

இந்த ஆல்பக் கதையை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். பேரையும் சேர்த்துச் சொன்னேன், புத்தி கெட்டவள். பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஜமாஅத் செயலாளரின் மனைவி. அடுத்த மாதம் ரிஸ்வானாவின் ஜகாத் விண்ணப்பம் திரும்பி வந்தது. செயலாளரிடம் ஓடிப்போய், அது பெருநாள் காசுதான் என்று மன்றாடினேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் முன்னால் இன்னும் எத்தனையோ பிள்ளைகளின் விண்ணப்பங்கள் கிடந்தன.

“ஜகாத்துங்கிறது இல்லாதவியளுக்குப் போக வேண்டியதும்மா. அந்தப் பிள்ள ஆல்பம் வாங்கிருக்குன்னு நீங்கதானே சொன்னிய.”

பெட்டி கட்டிய நாள்

பாதிக் கட்டணத்தை நான் தருகிறேன் என்றேன். ஊர் சிரித்தது போதும் என்று உம்மா மறுத்துவிட்டார். ரிஸ்வானா படிப்பை நிறுத்திவிட்டு உம்மாவோடு தைக்கப் போய்விட்டாள். போகும்போது ஆல்பத்தை என் மேசையில் வைத்தாள்.

“நீங்களே வச்சுக்கிடுங்க மேடம். இது இருக்க வீட்டுக்கு யாரும் ஒண்ணும் தர மாட்டாவ.”

வீண்விரயம் பற்றி அத்தனை பயான் செய்த நான்தான், ஒரு பிள்ளையின் படிப்பை ஒரு பந்திச் சிரிப்புக்குச் செலவழித்தவள்.