தூங்கச் சொன்ன நளினி மிஸ்

நளினி மிஸ் இறந்துபோன செய்தி வந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பாடசாலை இடைவேளையில், விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில், அதிபரின் அனுமதியோடுதான். விழித்துக் கைபேசியைப் பார்த்தால் அவருடைய கணவர் சிவலிங்கம் அழைத்திருந்தார். திருப்பி எடுத்தேன். "மிஸ் போயிட்டாங்க சேர்" என்றார். எங்களோடு பேசும்போது தன் மனைவியை அவரும் மிஸ் என்றே சொல்லுவார். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எதிர்பார்த்திருந்த அழைப்புத்தான். ஆனாலும் மணி அடித்து, பிள்ளைகள் வகுப்பில் சத்தம் போடத் தொடங்கிய பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

அவர் பலாங்கொடை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். இரத்தினபுரிப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் தூக்கப் பரிசோதனை செய்யும் பிரிவில் வேலை பார்த்தார். பகலில் ஒருவரைத் தூக்கம் எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது, விழித்திருக்கும்போது அவருடைய கவனம் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து வைத்தியருக்குக் கொடுப்பது அவர் பொறுப்பு. கிளினிக்கின் இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவர் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்கள்தான். ஆகவே அவருடைய வாயைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏசினால் ஏச்சு முதலில் வரும், அன்பு மெதுவாகப் பின்னால் வரும்.

நான் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். அவரிடம் போன காலத்தில் என் நிலைமை மோசமாக இருந்தது. கரும்பலகையில் கணக்கை எழுதிக்கொண்டு போகும்போதே கண் சொருகும். எழுத்து வரி மெல்லக் கீழே சரிந்து, சமன் குறிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். பிள்ளைகள் என்னைச் சாமியாடி சேர் என்றார்கள். பெற்றோர் சிலர் குடி என்றார்கள். நான் வெற்றிலைகூடப் போடாதவன். அப்போதிருந்த அதிபர் மேலே எழுதிவிட்டார். நோய் இருந்தால் வைத்திய அறிக்கை கொண்டு வா, இல்லாவிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று வலயக் கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. என் ஒருவன் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பரிசோதனைக்குப் போனேன். தலையில் கம்பிகளை ஒட்டி, இருட்டறையில் படுக்கவைத்துத் தூங்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரத்தில் தூங்குகிறேன் என்று பார்ப்பார்கள். பிறகு எழுப்பி உட்காரவைத்து, சில மணி நேரம் போனதும் மறுபடி படுக்கவைப்பார்கள். நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதில் சிவப்பு வெளிச்சம் வந்தவுடன் பொத்தானை அமுக்க வேண்டும். வாத்தியாருக்குச் சோதனை என்றால் பாஸ் பண்ணத்தான் தெரியும். இருட்டறையில் போர்வைக்குள் தொடையைக் கிள்ளிக் கிள்ளி விழித்துக் கிடந்தேன். பெட்டியில் பிந்திவிடக் கூடாதென்று வெளிச்சம் வருவதற்கு முன்பே அமுக்கினேன். பின்னேரம் வைத்தியர் தாள்களைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை, அப்படியே எழுதி அனுப்பலாம் என்றார். எனக்குப் பரம சந்தோஷம்.

நளினி மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேர், வெளிச்சம் வர முந்தியே அமுக்கியிருக்கீங்க. ஒருக்கா இல்ல, நெடுகவும். தொடையக் கிள்ளுனதும் கம்பியில தெரியுது."

"பாஸ் ஆகணும்ல மிஸ்."

"இதுல பாஸ் ஆனா ஒங்க வேல போயிரும். நோய் ஒன்னும் இல்ல, சோம்பேறின்னு எழுதிக் குடுத்த மாதிரி. வெளங்குதா?"

அந்த நிமிடம் வரை எனக்கு விளங்கியிருக்கவில்லை. அவர் நேரே வைத்தியரிடம் போய், "மேக்க ஹரி நே சேர், ஆயெத் கரமு" என்றார். இது சரியில்லை, திரும்பச் செய்வோம் என்று. வெளியே வரிசை நீண்டிருந்தது. நல்ல மனிதரான அந்த வைத்தியருக்கே எரிச்சல் வந்தது. அந்த ஆள் பயந்துபோய்ச் செய்தது, பயத்தை அளந்து தூக்கம் என்று எப்படி எழுதுவது என்று மிஸ் சிங்களத்தில் வாதாடினார். கடைசியில் இன்னொரு நாள் கொடுத்தார்கள்.

அந்த நாளில் விளக்கை அணைக்கும் முன் மிஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். "தூங்குங்க சேர். இங்க யாரும் ஒங்கள ஏச மாட்டாங்க." எழும்பு, முகத்தைக் கழுவு, வெட்கமில்லையா என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பெற்ற தாய்கூட. விவரம் தெரிந்த பிறகு என்னைத் தூங்கச் சொன்ன முதல் ஆள் அவர். எனக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கும் முன் தூங்கிவிட்டேன். பெட்டிக்கு முன்னாலும் இந்த முறை முந்திக்கொள்ளவில்லை. வெளிச்சம் பாட்டுக்கு வந்து போனதாம், நான் பார்த்துக்கொண்டே இருந்தேனாம். "கண்ணு தொறந்துதான் இருந்திச்சு சேர், ஆளத்தான் காணல" என்று சிரித்தார். என் சோம்பலுக்கு ஒரு நோயின் பெயர் கிடைத்தது. மாத்திரையும், இடைவேளையில் படுக்க அனுமதியும் கிடைத்தன. வேலையும் தப்பியது.

அதன் பிறகு பாடசாலை விடுமுறைகளில் கிளினிக்கில் அவருக்கு உதவப் போனேன். தோட்டத்திலிருந்து வருகிறவர்களிடம் கேள்வி கேட்பதுதான் பெரிய பாடு. காரில் போகும்போது தூங்கிவிடுவீர்களா என்று தாளில் இருக்கும். "எங்களுக்கு ஏது மிஸ் காரு" என்று ஓர் அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பூச்சியம் போட்டால் அந்த அம்மாவுக்குப் பகலில் தூக்கமே வராது என்று ஆகிவிடும். தொழிற்சங்கக் கூட்டத்தில் தலைவர் பேசும்போது என்று மாற்றிக் கேட்கலாமே என்றேன். "அங்க யாருதான் தூங்கல? எல்லாரும் தூங்குற எடம் நமக்கு வேணாம் சேர். மத்தவங்க முழிச்சிருக்கயில இவங்க மட்டும் எங்க தூங்குறாங்கன்னு பாக்கணும்" என்றார். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது என்று கேட்டுப் பார்த்தோம். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான், நின்றபடியே தூங்கிக் கூடையோடு விழுந்ததைச் சொன்னார். "தூக்கம் வருதுன்னு சொல்றது குத்தம் இல்ல. காச்சல்னா சொல்ல மாட்டீங்களா?" என்பது மிஸ் எல்லோருக்கும் சொல்லும் வார்த்தை.

அவரோடு பஸ்ஸில் போவது ஒரு சங்கடம். பெல்மதுளை தாண்டுவதற்குள் சீட்டுகளை நோட்டம் விட்டுவிடுவார். ஒருமுறை வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு முதலாளியைத் தட்டி எழுப்பி, உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, கிளினிக்குக் காட்டுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அந்த மனிதர் திருடன் வந்ததுபோலப் பையை அணைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர் தன் அசதியை யாரிடமும் சொல்லவில்லை. பல மாதங்களாகப் படி ஏற முடியாமல் இருந்திருக்கிறார். வீட்டு வேலையும் வேலைக்குப் போய்வருகிற அலைச்சலும்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். பகலில் மேசையில் தலை வைத்திருந்ததை நானே கண்டேன். என்ன மிஸ் என்றதற்கு, "என்னைய அளக்க வராதீங்க" என்று விரட்டினார். படுக்கையில் விழுந்த பிறகு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வெக்கமா இருந்திச்சு சேர்" என்றார். எங்கள் எல்லோருடைய வெட்கத்தையும் போக்கிய மனிதர் தன்னுடையதை மட்டும் பொத்தி வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம். செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

மரண வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என் நோய்க்குத் துக்கமும் ஆகாது. மனம் கலங்கினால் முழங்கால் தளர்ந்து, தூக்கம் வந்து அமுக்கும். முன்பென்றால் யாரும் பார்க்குமுன் தெருவுக்கு ஓடியிருப்பேன். சிவலிங்கத்திடம் போய், "எனக்குத் தூக்கம் வருதுங்க, கொஞ்சம் படுக்கணும்" என்றேன். குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன். "சாவு வீட்டுலயா?" என்று உறவுக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். சிவலிங்கம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் பாயை விரித்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். பிறகு அவரே வந்து தோளைத் தொட்டார். "எந்திரிங்க சேர், எடுக்கப் போறாங்க."

எழுந்து போய்ப் பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் வாங்கினேன். சுடுகாட்டுப் பாதை ஏற்றம், மழையில் வழுக்கியது. வழியில் இரண்டு பேர் தோள் மாற்றிக்கொள்ள வந்தார்கள், நான் விடவில்லை. நளினி மிஸ்ஸிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு வாக்கியம்தான். எனக்குத் தூக்கம் வருகிறது. அதைச் சொல்லிவிட்டுப் படுத்ததால், அவரைக் கீழே விடாமல் கடைசி வரை சுமக்க என்னால் முடிந்தது.